ஊசி முனையும் ஒரு ‘ஹவ்’வும்

உடைந்த ஊசியைத் தூக்கிப் போடக் கூடாது என்பது எங்கள் பிரிவின் முதல் விதி. துண்டுகளைப் பொறுக்கி, பதிவேட்டில் அன்றைய பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, அருகில் ஒரு புது ஊசியை வைத்து நீளம் சரிபார்க்க வேண்டும். அரிசி நுனியளவு குறைந்தாலும், அந்த ஊசி கடைசியாகத் தைத்த ஹார்னெஸ் அறையை விட்டு வெளியே போகாது.

பாராசூட்டில் குதிப்பவரின் தோளையும் தொடையையும் பிடித்துக்கொள்ளும் நைலான் பட்டைகளைத்தான் ஹார்னெஸ் என்கிறோம். பழுதானவை எங்களிடம் வரும். பட்டான்செரு பக்கம் ஒரு சின்ன நிறுவனம். டிப்ளமோ முடித்துவிட்டு ஊரிலிருந்து வந்த எனக்குப் பதிவேடு எழுதுகிற வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு இன்றும் கைநாட்டுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போடும்போது எனக்குள் ஒரு கர்வம் இருந்தது.

தைப்பவர் ஓர் அக்கா. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழர். நான் சேர்ந்த அன்றே சிரித்துக்கொண்டு சொன்னார்: “ரெண்டு உருது வார்த்தை போதும் தம்பி, இந்த ஊர்ல ஓட்டிடலாம். சரின்னா ஹவ், வேணாம்னா நக்கோ.”

நக்கோ எனக்கு வரவில்லை. ஹவ் ஒட்டிக்கொண்டது, அதுவும் தப்பாக. எங்கள் ஊரில் ஒருவர் பேசும்போது, காதில் விழுகிறது என்று காட்ட ‘ம்’ கொட்டுவோம். அந்த ‘ம்’ இருந்த இடத்தில் நான் ஹவ்வை வைத்துக்கொண்டேன். இங்கே அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள்.

அந்த மாதம் தொடைப் பட்டைகளுக்குத் தடித்த மெத்தை வைத்துக்கொண்டிருந்தோம். தையல் மெத்தையின் உறையில் மட்டும்தான் விழ வேண்டும். எடையைத் தாங்கும் பட்டையில் ஒரு துளைகூட விழக் கூடாது. ஒரு மதியம் அக்காவின் ஊசி பக்கிளின் ஓரத்தில் மோதி ஒடிந்தது. காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்துப் பார்த்தார். இரண்டு துண்டுகள் கிடைத்தன. நான் அவற்றை ஒட்டினேன்.

“முனையக் காணோமே. மெத்தைக்குள்ள போயிருந்தா பிரிச்சுதான் பாக்கணும். நான் ஸ்டோர்ல பிளேடு வாங்கிட்டு வர்றேன். சார் வந்தா சொல்லி, இத நிறுத்தி வை. மறந்துடாத.”

“ஹவ் அக்கா.”

அவர் போன கொஞ்ச நேரத்தில், அவர் சொன்ன சார், பரிசோதகர், வந்தார். பக்கத்தில் இரண்டு தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் தலையைக் குனிந்து வரிசை எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். பதிவேட்டைப் பார்த்து அவர் ஏதோ கேட்டார். எனக்குக் குரல்தான் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்து, “ஹவ் சார்” என்றேன். அதே நேரம் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, ஒரு பழைய கோப்பு வேண்டுமென்று என்னைக் கூட்டிப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மேசை காலி. நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒட்டிய இரண்டு துண்டுகள். அவற்றின் கீழே பரிசோதகரின் முத்திரை. முனை கிடைத்துவிட்டது என்று முத்திரையை நம்பி அக்கா போட்ட கையெழுத்து. என் இடம் மட்டும் காலி. ஹார்னெஸ் முந்தின சாயங்காலமே வண்டியேறிவிட்டிருந்தது.

“ஊசித் துண்டு கிடைத்துவிட்டதா?” என்றுதான் பரிசோதகர் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

புது ஊசியை வைத்துப் பார்த்தேன். முனை இல்லை. முனை ஒரே நாளில் பட்டையை அறுத்துவிடாது. ஒவ்வோர் உதறலிலும் ஓர் இழையாக அறுக்கும். யார் தொடையில், எத்தனையாவது குதிப்பில் என்று யாருக்கும் தெரியாது. என் கையெழுத்தையும் போட்டுவிட்டால் நான் சொன்ன ஹவ்வும் யாருக்கும் தெரியாது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். சாப்பாட்டு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு மணி நேரத்துக்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

பிறகு அக்காவிடம் போய்ச் சொன்னேன். டிபன் பாக்ஸைப் பாதியில் மூடினார்.

“கைக்கு?” என்றார் ஊர்ப் பேச்சில். “ஏன்டா? என்ன கேட்டாருன்னே தெரியாம ஹவ்னியா?”

“ம் கொட்டுற மாதிரி சொல்லிட்டேன்க்கா.”

சிரிப்பார் என்று நினைத்தேன். பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேரே பரிசோதகரிடம் நடந்தார்.

போன் பறந்தது. மூன்றாம் நாள் ஹார்னெஸ் திரும்பி வந்தது. யாரும் அதை மாட்டவில்லை என்றார்கள். மெத்தையைப் பிரித்தோம், பஞ்சு பஞ்சாகப் பிய்த்தோம், உலோகம் காட்டும் கருவியை ஓட்டினோம். முனை கிடைக்கவில்லை. பட்டையின் நெசவுக்குள் இல்லை என்று எழுதித் தர யாரும் தயாராக இல்லை. வேறு எவரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி, அக்காவே பெரிய கத்தரியால் அதைத் துண்டு துண்டாக வெட்டினார். தடித்த பட்டை, ஒவ்வொரு வெட்டுக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

தானாக வந்து சொன்னான் என்று என்னை எச்சரிக்கையோடு விட்டார்கள். பரிசோதகருக்கு மெமோ. நீளம் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அக்காவைத் தையலிலிருந்து எடுத்து, பை மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். பதினெட்டு வருடம் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து தன் குஷனை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“அக்கா, என்னாலதான்…”

“நான் போட்ட கையெழுத்துக்கு நீ எதுக்கு அழுவுற? ஆனா இனிமே ஹவ் நக்கோ தம்பி. ‘ம்’னே சொல்லு. ‘ம்’முக்கு யாரும் ஸ்டாம்ப் போட மாட்டாங்க.”

இப்போது யாராவது எதையாவது கேட்டால் எழுந்து பக்கத்தில் போய், மறுபடி கேட்கச் சொல்கிறேன். செவிடன் என்று கேலி செய்கிறார்கள். பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் என் இடத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் கர்வம் எதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். “வேலயெல்லாம் நல்லா போவுதாப்பா?”

சொல்ல வாயெடுத்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

“ம்” என்றேன்.

“அது போதும் சாமி” என்று நிம்மதியாக வைத்துவிட்டார்.