உம்மாவின் கொப்பியில் என் பிரஷர்

மாதாமாதம் பிரஷரை எழுதிக் கொடுக்கும் உம்மாவின் கிளினிக் கொப்பியைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆய்வுக்கு வந்த டொக்டர் கேட்டபோது, அது தொலைந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என்கூடப் பிறந்த மூத்த நானா அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். வேறு எந்த வேலையிலும் அவரிடம் இந்த வேகத்தை நான் கண்டதில்லை.

உம்மாவுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டொக்டர் சிலாபத்துக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். முதல் தடவை வந்து உம்மாவிடம் இரத்தம் எடுத்துப் போனார். பரம்பரையில் வரும் சின்னச் சின்ன வித்தியாசங்களை எல்லாம் கூட்டி, மறதி வருகிற வாய்ப்புக்கு ஒரு புள்ளி போடுவார்களாம். வீட்டாருக்கு அதைச் சொல்ல மாட்டார்கள். புள்ளி மட்டும் போதாது, அந்த ஆள் இத்தனை வருடம் என்ன நோயோடு, என்ன மருந்தோடு இருந்தார் என்ற பதிவும் வேண்டும் என்றார். அதற்காகத்தான் இரண்டாம் தடவை வந்திருந்தார்.

கொப்பியைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது. "ஒரு மாசம்கூட விடாம போயிருக்காங்க. தொடக்கத்தில கூடியிருந்தாலும் பிறகு பிரஷரும் எப்பவும் நல்லம். இப்படி ஒரு கொப்பி எங்களுக்குக் கிடைக்கிறது குறைவு அக்கா. பிரஷர் நல்லா இருந்தும் மறதி வந்திருக்கெண்டா, பரம்பரைப் பக்கத்தத்தான் நாங்க கூடப் பார்ப்போம்."

"உம்மாட வாப்பாவும் கடைசில இப்படித்தான்," என்றார் நானா. "அப்ப இது இரத்தத்தில வந்தது. நாங்க கவனிக்காம விட்டு வந்ததில்ல. என்ன?"

"ஓம்," என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கொப்பியில் இருந்தது உம்மாவின் பிரஷர் இல்லை. என்னுடையது.

உம்மா உப்பளத்தில் வேலை செய்த காலம் அது. மழைக்கு முன் உப்பை வாரி முடிக்க வேண்டிய அவசரத்தில் கிளினிக் நாள் வந்தது. "நீ போய் பிரஷர் குளிசைய வாங்கிட்டு வா மகள்," என்றார். போனால், ஆள் வராமல் குளிசை இல்லை என்று எனக்கு முன்னால் நின்றவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் முறை வந்தது. பிரஷர் பார்க்கிற மிஸ்ஸி கொப்பியில் இருந்த பெயரை வாசித்தார். நான் ஓம் என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அந்தக் கூட்டத்தில் யார் முகத்தை யார் பார்ப்பது? வீட்டுக்கு வந்து சொன்னபோது உம்மா வயிறு குலுங்கச் சிரித்தார்.

அடுத்த மாதமும் நானே போனேன். உப்பள வேலையை விட்டு உம்மா வீட்டோடு இருந்த பிறகும் நானே போனேன். அதற்கு உப்பு காரணமில்லை. உம்மாவுக்கு பஸ்ஸில் வாந்தி வரும், மெதுவாக நடப்பார், அவரை வைத்துக்கொண்டு டவுனில் ஒரு கடை ஏறி இறங்க முடியாது. கிளினிக் நாள்தான் எனக்குக் கிடைத்த விடுமுறை. வடையும் பிளேன்டீயும் முடித்து, துணிக்கடைகளைப் பார்த்துவிட்டு பகல் சாப்பாட்டுக்கு வந்து சேருவேன்.

"எண்ட பிரஷர் எப்படி?" என்று வாசலிலேயே கேட்பார்.

"குமருப் பிள்ளைட மாதிரி," என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

ஒரு மாதம் கிளினிக் டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று குளிசையைப் பாதியாகக் குறைத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் ஏச்சு விழும் என்று வாயை மூடிக்கொண்டேன். உம்மாவின் உயிரைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

ஆய்வு டொக்டர் கொப்பியை மடியில் வைத்துவிட்டு, பையிலிருந்து பிரஷர் பார்க்கும் மெஷினை எடுத்தார். "இண்டைக்கும் ஒருக்காப் பார்த்து எழுதுவம் அம்மா." உம்மாவின் கையில் பட்டியைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தார். "நல்லாக் கூடியிருக்கே," என்று கொப்பியைத் திரும்பப் பிரித்தார்.

உம்மாவுக்கு அன்று காலையில் என் பெயர்கூட ஞாபகம் வரவில்லை. ஆனால் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து டொக்டர் பக்கம் நீட்டினார்.

"இவட கையில பாருங்க," என்றார். "இவட கையிலதான் எனக்கு நல்லா இருக்கும்."

புத்தி தடுமாறுகிறது என்று நினைத்து நானா சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். பாதிக் குளிசை வரை எல்லாவற்றையும் சொன்னேன். நானா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. பேனையை எடுத்துக்கொண்டு, "அம்மாட எது, உங்கட எது எண்டு காட்டுங்க அக்கா," என்றார். முதல் மூன்று பக்கம் உம்மாவுடையது, எல்லாம் கூடின எண்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு எண்ணிலும் விரலை வைத்து, இது நான், இது நான் என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றையும் கோடு போட்டு வெட்டினார். உம்மா பிடித்த கையை விடவே இல்லை. மற்றக் கையால்தான் பக்கங்களைப் புரட்டினேன்.