ஃப்ரிட்ஜ் மேல் ஒரு கல்யாணம்

சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய கணினி ஒன்றை வாங்கிவந்து, மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல், மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். குடும்பப் புகைப்படங்களை எல்லாம் அதில் போட்டு, அவரவர் போனிலேயே பார்த்துக்கொள்ளும்படி சொந்தமாக ஒரு கேலரி நடத்துவது என் திட்டம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இதுல என்னத்தடா சமைக்கப்போற?" என்றாள் அம்மா.

"போட்டோவெல்லாம் இதுக்குள்ள இருக்கும்மா. ஆள் மூஞ்சியைப் பார்த்து தானாவே பிரிச்சுக் கொடுக்கும்."

"அப்ப உங்க சித்தி மூஞ்சியைக் காட்டச் சொல்லு. பார்த்து ரெண்டு வருஷமாவுது."

விளையாட்டாகத்தான் சொன்னாள், குரல் விளையாட்டாக இல்லை. சித்தி அவளுக்கு ஒரே தங்கை. இருப்பது சீர்காழியில், பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். என் அக்கா கல்யாணத்தில், மேடையில் குடும்பப் போட்டோ எடுக்கத் தன்னைக் கூப்பிடவே இல்லை என்று கோபித்துக்கொண்டு போனவள், அப்புறம் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. ஆள் அனுப்பினேன், அவள்தான் வரவில்லை என்பது அம்மாவின் கட்சி. ஒருத்தரும் வந்து கூப்பிடவில்லை என்பது சித்தியின் கட்சி. யாரை அனுப்பினாய் என்று கேட்டால் அம்மாவுக்கு நினைவில்லை. இப்போது அக்கா குழந்தைக்குக் காதுகுத்து வருகிறது. அதற்கும் வரமாட்டேன் என்று சித்தி சொல்லியனுப்பியதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கேலரியை நிறுவுவது அரைமணி நேர வேலை என்று படித்திருந்தேன். அதை எழுதிய புண்ணியவான் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டுவேன். கொஞ்சம் ஓடும், நின்றுவிடும். பெட்டிக்கு நினைவகம் குறைவு. முகம் பார்க்கிற வேலையைக் கொடுத்ததும் அதற்கு மூச்சு முட்டியது. ஒரு நேரத்துக்கு ஒரு படம் பார்த்தால் போதும் என்று அமைப்பை மாற்றினேன். அப்பாடா என்று உட்கார்ந்தபோது ஐப்பசி மழை இடியோடு வந்தது. எங்கள் வீட்டில் இடி இடித்தால் அம்மா டிவி, மிக்ஸி, கிரைண்டர் என்று ஒரு பிளக்கையும் விட்டுவைக்க மாட்டாள். என் பெட்டியையும் பிடுங்கிவிட்டாள்.

"அம்மா, அது பாதி வேலையில இருக்கும்மா!"

"இடி அதெல்லாம் கேட்டுக்கிட்டா விழும்?"

மறுநாளும் இடி, மறுநாளும் பிடுங்கல். உள்ளே எல்லாம் குழம்பிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் காலை என் போனில் கேலரி திறந்தது. கூடத்தில் குதித்தே விட்டேன். அம்மா கரண்டியோடு ஓடிவந்து, ஷாக் அடித்துவிட்டதோ என்று பார்த்துவிட்டுப் போனாள்.

அக்கா கல்யாணப் படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பீரோவுக்குள் கிடந்தன. ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்தது போக மிச்சம் ஆயிரக்கணக்கில். எல்லா வீட்டையும் போல நாங்களும் திறந்ததே இல்லை. அத்தனையையும் உள்ளே ஏற்றினேன். மதியத்துக்குள் முகங்கள் வட்ட வட்டமாக வரிசை கட்டின. ஒன்றின் கீழ் 'சித்தி' என்று எழுதி அழுத்தினேன். அவள் இருக்கும் படமெல்லாம் மடமடவென்று வந்து விழுந்தது.

அதில் ஒரு படம் பந்தியில். படத்தின் நேரத்தைப் பார்த்தேன். மேடையில் இன்னொரு கேமரா குடும்பப் போட்டோ எடுத்த அதே நிமிடம். சித்தி இலைக்கு முன்னால் சிரித்தபடி இருக்கிறாள். பக்கத்து இலையில், வாய் நிறைய வடையோடு, நான்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. "ஓடிப்போய் சித்தியைக் கூட்டிட்டு வா" என்று அம்மா அனுப்பியது என்னைத்தான். பந்திக்குப் போனேன். "உக்காருங்க தம்பி, இலை போட்டாச்சு" என்றார் பரிமாறுகிறவர். போட்ட இலையை விட்டு எப்படி எழுந்திருப்பது? உட்கார்ந்தேன். சாம்பார் வந்தது. வந்த காரியம் போனது. குடும்பப் போட்டோவில் நானும் இல்லை! பின்வரிசையில் பெரிய மாமாவின் உடம்புக்குப் பின்னால் நிற்கிறேன் என்றல்லவா இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். நான் இல்லாததை ஒரு ஜீவனும் கவனிக்கவில்லை என்பது தனி வருத்தம்.

சிரிப்புதான் முதலில் வந்தது. பேசாமல் அந்தப் படத்தை அழித்துவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. வெட்கமாக இருந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நடுவில் காரியத்தைக் கெடுத்தது என் வடைதான். படத்தின் இணைப்பைச் சித்திக்கு அனுப்பி, கீழே எழுதினேன்: 'அம்மா அனுப்பின ஆள் நான்தான் சித்தி. சாப்பிட உட்கார்ந்துட்டேன்.'

பத்து நிமிடம் கழித்து அடுப்படியில் அம்மாவின் போன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்தவள், ஈரக்கையை முந்தானையில் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அவன் வாயில இருக்கறது ஒரு வடையா, ரெண்டா?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. படமும் நான் எழுதியதும் தெரிய என் போனை நீட்டினேன். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அட பாவி, உன்னையாடா அனுப்புனேன்!" என்றவள் போனில், "ரெண்டுதான்டி, நல்லா பாரு" என்றாள். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். பாதியில் சித்தி அழுதாள், அம்மாவும் அழுதாள், மறுபடி என்னைத் திட்டிச் சிரித்தார்கள்.

"காதுகுத்துக்கு மொத நாளே வந்துடறேன்க்கா. அவனுக்கு மட்டும் இலை போடாதே."

பேச்சு நிற்கவே இல்லை. இரண்டு வருஷக் கதை அல்லவா. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வீடே அதிர ஒரு இடி இடித்தது. நான் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அம்மா பிளக்கைப் பிடுங்க வரவில்லை.