ஓரிட்டோவின் ஒரே ஒரு "முடியாது"

யாய்ஸு துறைமுகத்தில் மாசிக் கருவாடு புகைபோடும் ஆலைக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. அதன் அழுக்குச் சட்டைகளை முப்பத்திரண்டு வருடமாகத் துவைப்பவள் சாயோ. எவ்வளவு அலசினாலும் புகை வாசம் போகாது. எந்தச் சட்டை யாருடையது என்று மோந்தே சொல்லிவிடுவாள். பயிற்சியாளர் ஓரிட்டோவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைப்பாள். "அந்த மனுசன் சாமானியப்பட்ட ஆள் இல்ல" என்றுதான் ஆரம்பிப்பாள்.

பத்தொன்பது வயதில் ஆலைக்கு வந்தவர். விடிவதற்கு முன்னே புகையறையில் மீன் தட்டுகளை மாற்றுவார். சாயங்காலம் சிவந்த கண்ணோடு மைதானத்துக்கு வருவார். ஓட்டமா அது! அவர் பந்தோடு கிளம்பினால் சாயோவுக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் பூனை மாதிரி அடங்கிவிடுவார். மூத்தவர்கள் குளித்து முடிக்கும்வரை துண்டோடு வெளியே நிற்பார். கூப்பிட்டால் உள்ளே போய் அவர்கள் முதுகைத் தேய்ப்பார். இளையவர்கள் எல்லோரும் செய்வதுதான். இவருக்கு அது எலும்புவரை ஊறியிருந்தது.

அதுவே ஒருநாள் அவர் காலை வாரிவிட்டது. அந்த ஆட்டத்தில் ஜெயித்தால் அணிக்கு மேல் பிரிவு. கடைசி நிமிடம், எதிரணி கோல் கீப்பர் விழுந்து கிடக்கிறான், வலை ஆவென்று திறந்திருக்கிறது, பந்து ஓரிட்டோவின் காலில். அடிக்க வேண்டியதுதானே? பக்கத்தில் கேப்டன் மாகித்தா ஓடிவந்தார். அது அவருக்குக் கடைசி ஆட்டம். மூத்தவர் இருக்கும்போது தான் அடிப்பதா என்று பந்தை அவரிடம் தள்ளினார் ஓரிட்டோ. மாகித்தா அதை எதிர்பார்க்கவே இல்லை. பந்து அவர் முட்டியில் பட்டு வெளியே போனது.

யாரும் திட்டவில்லை. "உங்களுக்கெல்லாம் சிரமம் குடுத்துட்டேன்" என்று மாகித்தாதான் தலை குனிந்தார். அதற்குப் பதில் ஓரிட்டோ நாலு அறை வாங்கியிருக்கலாம்.

முழங்கால் போன பிறகு ஓரிட்டோ பயிற்சியாளர் ஆனார். முதல் நாளே சட்டம் போட்டார். "கோட்டுக்குள்ள அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. யாருக்கு கோல் தெரியுதோ அவன் அடி." பையன்களுக்கு அது உடம்பில் ஏற வருடக்கணக்காயிற்று. சட்டம் போட்டவருக்கோ ஏறவே இல்லை. மாகித்தா இப்போது ஆலையில் பெரிய அதிகாரி, அணிக்கும் அவரே பொறுப்பு. அவர் எது சொன்னாலும் "சரிங்கண்ணே."

"பசங்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?" என்பாள் சாயோ.

"நீ சோப்பைப் போடும்மா" என்று நழுவிவிடுவார்.

போன இலையுதிர் காலத்தில் நிர்வாகம் ஒரே போடாகப் போட்டது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்து மேலே போகாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்கள். அந்த ஆட்டத்தில் எண்பது நிமிடம் ஆகியும் யாரும் கோல் போடவில்லை. முப்பத்தெட்டு வயது கேப்டன் குசாக்காவுக்கு அதுவே கடைசி ஆட்டம். கால் பின்னியது. அவனை எடுத்துவிட்டு இளையவன் இயிதாவை இறக்க ஓரிட்டோ எழுந்தார். தண்ணீர்ப் புட்டிகளோடு பின்னால் நின்ற சாயோவுக்கு எல்லாம் கேட்டது.

"ஓரிட்டோ, உட்காரு" என்றார் மாகித்தா. "பதினெட்டு வருசம் ஆடினவன். கடைசிவரைக்கும் நிக்கட்டும். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஓரிட்டோ திரும்பினார். இடுப்பு மடங்க, நெற்றி முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். குனிந்தபடியே சொன்னார்: "மன்னிச்சிருங்கண்ணே. முடியாது."

சாயோவின் கையிலிருந்து புட்டி நழுவியது. முப்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து அவள் கேட்டிராத சொல் அது. நிமிர்ந்ததும் ஓரிட்டோ ஆளை மாற்றச் சொல்லி நடுவருக்குக் கை காட்டினார். குசாக்கா அழுதுகொண்டே வெளியே வந்தான். எண்பத்தொன்பதாவது நிமிடம் பந்து இயிதாவிடம் வந்தது. அவனைவிட மூத்தவன் ஒருவன் பக்கத்திலேயே கை தூக்கிக்கொண்டு நின்றான். இயிதா அவனை ஏறிட்டும் பார்க்காமல் அடித்தான். வலை குலுங்கியது. சாயோ வாய்விட்டு அழுதாள்.

ஆலைக்குத் திரும்பியதும் வழக்கம்போல ஓரிட்டோ துண்டோடு குளியலறை வாசலில் ஒதுங்கி நின்றார். மாகித்தா உள்ளே போகவில்லை.

"நீ முதல்ல போ."

"அண்ணே, அது எப்படி..."

"போடான்னா."

துவைக்கும் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். சாயோ குழாயை மூடிவிட்டு அசையாமல் நின்றாள். உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம். பிறகு, பின்னாலேயே உள்ளே போன மாகித்தாவின் குரல்.

"அன்னிக்கு எதுக்குடா எங்கிட்ட தள்ளின? வலை திறந்துதானே கிடந்துச்சு?"

"நீங்க மூத்தவங்கண்ணே."

"நான் கேட்டனாடா?"

முக்காலியை இழுக்கும் சத்தம், மறுபடி மாகித்தாவின் குரல்.

"சரி, திரும்பி உட்காரு. முதுகைக் காட்டு."