ராசாத்தி சேர்த்த ஒரு சொல்

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். மாவட்டம் ரெண்டுபட்டால் அச்சுக்காரனுக்குக் கொண்டாட்டம். 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். அரியலூர்ப் பக்கத்து லெட்டர்பேடு, பில்புக், ரப்பர் ஸ்டாம்பு எல்லாவற்றிலும் மாவட்டத்தின் பெயர் மாறியது. மறு வருஷமே திரும்பச் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் மறுபடி அடித்தோம். அந்தக் கொண்டாட்டத்தின் நடுவில்தான் ராசாத்தி, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், என் அச்சகத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டிடிபி கடை போட்டாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது? அந்தத் தெருவில் நல்லுசாமி ஆப்செட் என்று நான் ஒருவன் இருந்தேன். நாலு கடை தள்ளி ஸ்கிரீன் பிரிண்டிங் பிச்சைமுத்து. எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இதில் மூன்றாவதாக ஒருத்தி வேறு.

தா.பழூரில் நெல் போடுகிற குடும்பம் அவளுடையது. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்திருந்தாள். “கோழி மேய்ச்சாலும் கவர்மெண்டுல மேய்க்கணும்” என்கிற ஆள் அவள் அப்பா இளையபெருமாள். ஒரு வருஷம்தான் கெடு, அதற்குள் கடை நிற்காவிட்டால் மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

நான் சிவகாசி அட்டையை வாங்கி, பெயரை மட்டும் அடித்துக் கொடுக்கிறவன். அவள் அட்டையையே தானாக வரைந்தாள். குவைத்திலிருந்து வரும் மாப்பிள்ளைக்கு விமான டிக்கெட் மாதிரி ஒரு அழைப்பிதழ். ஆலத்தியூர் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிறவர் வீட்டுக் காதுகுத்துக்குக் குட்டி சிமெண்டு மூட்டை மாதிரி ஒன்று. ‘கல்யாணப் பத்திரிகையா, விளையாட்டுச் சாமானா?’ என்று கிண்டல் பண்ணினேன். ஆனால் அச்சடிக்க அவள் என்னிடம்தான் கொடுத்தாள், நானும் வாங்கிக்கொண்டேன். லப்பைக்குடிக்காட்டு முஸ்லிம் குடும்பங்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தன.

கெடு முடிய இரண்டு மாதம் இருந்தபோது ஜரீனா வந்தார். மூத்த மகள் சமீராவுக்கு நிக்காஹ். கணவர் ஜபருல்லா குவைத்தில். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால்தான் வந்து இறங்குவார். அறுநூறு அழைப்பிதழ். புரூஃபை வரிவரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் ராசாத்தி கண்ணில் அது பட்டது. தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணே, மாப்பிள்ளையோட அப்பாவுக்கு ‘மர்ஹூம் ஜனாப்’னு போட்டிருக்கு. பொண்ணோட அப்பாவுக்கு வெறும் ‘ஜனாப்’. மர்ஹூம்னா என்னண்ணே?”

இருபது வருஷமாக அந்தச் சொல்லை அச்சடிக்கிறேன். யாரிடமும் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வந்ததா? வரவில்லை.

“ஹாஜியார்னு போடுவாங்கல்ல, அந்த மாதிரி பெரிய மனுசன் பட்டம்” என்றேன்.

“அப்ப எழுதிக் குடுக்கறப்ப மறந்துட்டாங்க போலருக்கு. பொண்ணு வூட்டுக்காரங்கன்னா மட்டும் எளப்பமா?”

போய்ச் சேர்த்துவிட்டாள். மரியாதையாக, ஜபருல்லாவுக்கும் ஒரு மர்ஹூம். நான் அறுநூறும் அடித்தேன்.

மூன்றாம் நாள் ஜரீனா இளைய மகள் ஆஃப்ராவோடு கடைக்கு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

“எங்க வூட்டுக்காரர உசுரோட மவுத்தாக்கிட்டியே, புள்ள! காலையிலேர்ந்து போன்ல ஒரே அழுவ. ‘இன்னா லில்லாஹி’ங்கறாங்க, எப்ப மவுத்தானாருங்கறாங்க. நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?”

ராசாத்தி விளங்காமல் நின்றாள். ஆஃப்ராதான் சொன்னாள். “அக்கா, மர்ஹூம்னா காலமானவங்க. மாப்பிள்ளையோட அத்தா போன வருசம் மவுத்தாயிட்டாங்க. எங்க அத்தா நல்லா இருக்காங்க.”

எதிரே என் அச்சகத்துக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். இப்போது என் பக்கம் கையைக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“தப்பு என்னோடதுதாங்கம்மா. நீங்க கையெழுத்துப் போட்டதுக்கப்புறம் நானாத்தான் சேத்தேன்” என்றாள். அவ்வளவுதான். என் பெயரை எடுக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு எட்டு நாள். ஜபருல்லா வர நாலு நாள். நூற்றெண்பது பத்திரிகை ஏற்கெனவே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

ராசாத்தி நேரே பிச்சைமுத்து கடைக்குப் போய் நடந்ததைச் சொல்லி உதவி கேட்டாள். நான் பின்னாலேயே போனேன். பிச்சைமுத்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஒங்க தப்புக்கு நான் எதுக்கும்மா வரணும்?” என்றான்.

“நாளைக்கு ராசாத்திகிட்ட அடிக்காதன்னா சொல்லுவாங்க? பெரம்பலூர்லயே அடிக்காத, திருச்சிக்குப் போன்னுதான் சொல்லுவாங்க. அப்ப ஒங்க கடையும்தாண்ணே போவும்” என்றாள்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். மறுநாள் பொழுது சாய்வதற்குள் அறுநூறும் புதிதாக அடித்து, தங்க பார்டர் போட்டு முடித்தோம். பிச்சைமுத்துவும் நானும் அன்றைக்குத்தான் ஒரே டீக்கடையில் நின்று டீ குடித்தோம்.

நூற்றெண்பது வீட்டுக்கும் ராசாத்தி ஆஃப்ராவைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும், “அவங்க நல்லா இருக்காங்க, தப்பு என்னோடது” என்று சொல்லிப் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தாள். திட்டியவர்கள் உண்டு, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர்கள் உண்டு. நூற்றெழுபத்தொன்பது திரும்பி வந்தன. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

அந்த ஒன்றைக் கல்யாணம் முடிந்து ஜபருல்லாவே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ராசாத்தி எழுந்து நின்றுவிட்டாள். “உக்காரும்மா. இது எங்கிட்டயே இருக்கட்டும். மவுத்த யாவகம் வச்சிக்கிறது நல்லதுதான்” என்று சிரித்தார். “எளைய பொண்ணு கல்யாணத்துக்கும் ஒங்கிட்டதான் அடிக்கணும்.” எனக்கு அந்த மனிதரைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் ராசாத்தி சனிக்கிழமை மத்தியானம் தன் கடையில் ஒரு மேசை போட்டாள். அந்த வாரம் அச்சுக்குப் போகிற எல்லாம், யார் கடையுடையதாக இருந்தாலும், அங்கே வந்து படிக்கப்பட வேண்டும். எந்த ஜனத்துப் பத்திரிகையோ, அந்த ஜனத்தில் ஒருவர் படித்தாக வேண்டும். எந்த வீட்டுப் பத்திரிகையில் எந்தச் சொல், எதற்காக என்று ஒரு நோட்டு எழுதி எல்லாக் கடைக்கும் ஜெராக்ஸ் கொடுத்தாள். ‘போட்டிக்காரனுக்கு எதுக்கும்மா?’ என்று நான் கத்தினேன். காதில் வாங்கவில்லை. ஆஃப்ரா ப்ளஸ் டூ முடித்துவிட்டுச் சிவப்புப் பேனாவோடு அந்த மேசையில் உட்கார்ந்தாள். மூன்று கடை ஏழாயிற்று. அரியலூரில் புதிதாக பிரவுசிங் சென்டர் போட்டவன்கூட பஸ் ஏறி வந்தான். இளையபெருமாள் கெடுவைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

2007 நவம்பரில் மாவட்டத்தை மறுபடி பிரித்தார்கள். ஏழு கடையிலும் மூச்சுவிட நேரமில்லை. அந்த மாதம்தான் ஆஃப்ராவுக்கு நிக்காஹ் முடிவாயிற்று. ஜபருல்லா அதைப் பார்க்கவில்லை. அந்த வருஷ வைகாசியில் குவைத்திலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

பத்திரிகையை ராசாத்தியே வரைந்து, டைப் செய்து, சனிக்கிழமை மேசையில் புரூஃபை வைத்தாள். பெண்ணின் தகப்பனார் என்ற இடத்தில், ‘ஜனாப் ஜபருல்லா’ என்று மட்டும் இருந்தது. நான் பார்த்தேன். பிச்சைமுத்துவும் பார்த்தான். இரண்டு பேரும் தாளை அப்படியே ஆஃப்ரா பக்கம் நகர்த்தினோம். ராசாத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஃப்ரா முதல் வரியிலிருந்து ஒழுங்காகப் படித்துக்கொண்டு வந்தாள். அத்தா பெயரில் நின்றாள். சிவப்புப் பேனாவை எடுத்து, ஜனாபுக்கு முன்னால் ஒரு குறி போட்டு, மேலே அந்தச் சொல்லை எழுதினாள்.

“ஒரு வார்த்த உட்டுப் போச்சுக்கா” என்றாள்.

ராசாத்தி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து அதைச் சேர்த்தாள். திருத்திய தாளை நாங்கள் எல்லோரும் இன்னொரு முறை படித்தோம். பிழை எதுவும் இல்லை.