எதிர்த்தரப்பில் மகள்

ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலைத் திறந்துவிடுகிறார் அம்மையார். எதிரே நீதிமன்றக் கட்டடம். நடுவில் சாலை, லாரி, ஹாரன். அங்கே யார் தொண்டை கிழிய வாதாடினாலும் இங்கே ஒரு சொல்கூடக் கேட்காது. ஆனாலும் கோர்ட் கூடும் நேரத்தில் ஜன்னல் திறந்தாக வேண்டும். “காத்து வரட்டுமே, உங்களுக்கென்ன?” என்று உதவியாளரை அடக்கிவிடுவார்.

நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞர் அவர். யார் மீது வழக்குப் போடுவது, எதைக் கைவிடுவது என்பதெல்லாம் அவர் பேனாவில் இருக்கிறது. அமைச்சரே வந்தாலும் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டியதுதான். கோப்பில் யாராவது ‘எனத் தெரிகிறது’ என்று எழுதியிருந்தால் தொலைந்தார். “யாருக்குத் தெரியுது? உங்களுக்கா, உங்க மாமியாருக்கா?”

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள். அவளும் வக்கீல்தான், ஆனால் எதிர்த்தரப்பில்! “நீ உள்ள தள்ளும்மா, நான் வெளிய இழுத்துட்டு வரேன்” என்று சிரித்தவள், கிடங்கு எரிந்த வழக்கில் மாட்டிக்கொண்ட காவலாளிக்காக ஆஜரானாள். எதிரே சொந்தக்காரர் நின்றால் கோப்பைத் துணை வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது அலுவலக விதி. அம்மையார் ஒரு படி மேலே போய், வழக்கு முடியும்வரை வீட்டுக்கும் வராதே, போனும் பண்ணாதே என்றுவிட்டார். “சாப்டியான்னு ஆரம்பிச்சா கேஸ்லதான்டி போய் நிப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

சொல்லிவிட்டாரே தவிர, ஏக்கம் ஆளைத் தின்கிறது. பெற்ற மகள் வாதாடி ஒருநாள்கூட அவர் கேட்டதில்லை. பாவம், ஜன்னல்தான் கதி. கை பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு, மீந்ததை மறுநாளும் அவரே சாப்பிடுகிறார்.

நேற்று மாலை துணை வழக்கறிஞர் உள்ளே வந்தார்.

“மேடம், நாம தோத்துட்டோம். காவலாளிய விடுதலை பண்ணிட்டாங்க. உங்க பொண்ணு பின்னி எடுத்துட்டாங்க!”

அம்மையாருக்கு முகமெல்லாம் பல். தோற்றது தன் அலுவலகம் என்று உறைத்ததும் சட்டென்று குனிந்து மேசையைப் பார்த்தார்.

“மேல்முறையீடு போறதா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணணும். நீங்க ஜாடையா ஒரு வார்த்தை சொன்னா...” என்று இழுத்தார் துணை வழக்கறிஞர்.

போகாவிட்டால் அன்று இரவே மகள் வீட்டில் இருப்பாள். போனால் இன்னும் ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ. ‘வேண்டாம்’ என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

அம்மையார் தண்ணீர் டம்ளரை எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்ப, கதவைக் கைகாட்டினார்.