மில்லுக்கு வந்த ஐந்து இஸ்மாயில்கள்

நேற்று என் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன உம்மா இது? இஸ்மாயில் கரண்ட், இஸ்மாயில் மீன், இஸ்மாயில் கண்ணாடி! ஆக்களுக்கு ஒழுங்கான பேரே இல்லையா?" சிரிக்கட்டும். டேட்டாபேஸ் வடிவமைப்பில் அவளுடைய உம்மா கற்ற முதற்பாடமே அதுதான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எண்பதுகளின் கடைசிப் பகுதி. சாய்ந்தமருதில் அரிசி மில் வைத்திருந்த இஸ்மாயில் ஹாஜியாருக்கு, சவூதியில் வேலை செய்த மகன் ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கொழும்பில் கொம்பியூட்டர் கோர்ஸ் முடித்து வந்திருந்த என் அண்ணன், மஜீத் காக்கா, அதில் எங்களைப் பழக விடும்படி ஹாஜியாரைப் பிடித்தார். "வெள்ளாம வெட்டு முடியிறதுக்குள்ள மில்லுக்கு ஒரு பிரயோசனத்தக் காட்டுங்க. இல்லாட்டி வித்துப்போடுவன்" என்றார் அவர்.

காக்காவோடு போய்க் காக்காவோடு வரலாம் என்ற வாப்பாவின் உத்தரவில் நானும் சேர்ந்தேன். ஏ.எல். வகுப்பில் என்னோடு படித்த யோகேஸ்வரி கல்முனையிலிருந்து சைக்கிளில் வந்தாள். அந்தப் பெட்டி போய்விட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் அடுப்படிதான் கதி. அதனால் உயிரைக் கொடுத்து வேலை செய்தோம். அவித்த நெல்லின் வாசம் மூக்கில் பட்டால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு இன்றைக்கும் அந்தக் கொம்பியூட்டரில் பழகிய டீபேஸ் மென்பொருளின் கட்டளைகள்தான் நினைவுக்கு வருகின்றன. உமித்தூசு போகாமலிருக்க உம்மாவின் தலையணை உறையைக் கீபோர்டுக்குப் போட்டு வைத்திருந்தோம். உம்மா அதை வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

யாருடைய நெல் மூட்டை எந்த அறையில் கிடக்கிறது என்று கொம்பியூட்டர் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் புரொஜெக்ட். பெயர், வாப்பாவின் பெயர், அறை என்று இங்கிலீசு எழுத்தில் நான் அட்டவணை போட்டேன். இஸ்மாயில் என்று தட்டினால் ஐந்து பேர் வந்தார்கள். அதில் மூன்று பேருடைய வாப்பாவும் முகம்மது! ஆளுக்கொரு நம்பர் கொடுக்கச் சொன்னது காக்காவின் புத்தகம். கொடுத்துப் பார்த்தோம். "நம்பரா? நான் என்ன ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கவா வந்த?" என்று நம்பர் எழுதிய துண்டுச்சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டுப் போனார் ஒரு விவசாயி.

யோகேஸ்வரிதான் கேட்டாள்: "அப்ப மூட்ட தூக்கிற ஆக்கள் இவங்கள என்னண்டு கூப்பிடுற?"

சுருட்டு இஸ்மாயில், கச்சான் இஸ்மாயில், நெட்ட இஸ்மாயில். பட்டப்பெயருக்கு ஒரு ஃபீல்ட் திறந்தோம். ஒரே தட்டில் சரியான ஆள் வந்தார். கொழும்பில் இதைப் படிப்பித்திருக்க மாட்டார்கள் என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து இஸ்மாயில்களில் ஒருவரான ஹாஜியாருடைய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டோம். அவருக்கும் ஊர் ஒரு பேர் வைத்திருந்தது. அதை எழுத யாருக்குத் தைரியம்?

அறுவடை முடிந்தது. ஹாஜியார் வந்து உட்கார்ந்தார். "என்ட நெல்லு எங்க கிடக்கெண்டு கேளு பாப்பம்."

காக்கா தட்டினார். ஐந்து இஸ்மாயில்களும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"இதில நான் எது?"

"பட்டப்பேரு போட்டாத்தான் ஒராள் வரும், ஹாஜியார்." என்றார் காக்கா.

"அப்ப என்டதப் போடன்." காக்கா கீபோர்டை யோகேஸ்வரி பக்கம் தள்ளினார். "என்ன, வாயடச்சுப் போச்சா? முசுறு எண்டு போடு. எறும்பு மாதிரிக் கடிக்கிற ஆளெண்டு ஊரே சொல்லுது, எனக்குக் காதில்லையா?"

யோகேஸ்வரி எழுத்துக்கூட்டித் தட்டினாள். முசுறு இஸ்மாயில், மூன்றாம் அறை. ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "பெட்டி கிடக்கட்டும். நீங்க படிங்க மகள்" என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் கலியாணத்தன்றும் இருக்கவில்லை.

பிறகு யுத்தம் முற்றி நாடு குழம்பியது; தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவிலும் பகை மூண்டது. கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்குச் சைக்கிளில் வருவதே பயமாகிப்போன காலம் அது. யோகேஸ்வரியின் குடும்பம் எங்கோ போய்விட்டது. மில்லைப் பின்னொரு நாள் சுனாமி கொண்டுபோனது. யோகேஸ்வரி கலியாணம் முடித்திருப்பாள், பெயரோடு புருஷன் பேர் சேர்ந்திருக்கும். இணையத்தில் தேடுகிறேன், யோகேஸ்வரிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இதில் என்னுடையவள் எது? ஊரிலுள்ள அத்தனை பேருடைய பட்டப்பெயரையும் தேடித்தேடி எழுதிய நாங்கள், அவளுக்கென்று ஒன்று வைக்கவில்லையே.