என் பெயரில் உள்ளே வந்தது யார்?

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். காரைக்காலில் ஒரு லேபில் பதினெட்டு வருடமாக ரத்தம் பார்க்கிறேன், மெஷின் அச்சடித்துக் கொடுக்காத எதையும் நம்பிப் பழக்கமில்லை. அம்பகரத்தூர் கோயிலுக்குக்கூட அம்மா இருந்தவரை துணைக்குப் போனதோடு சரி. நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்றும் இல்லை. பட்டப்பகலில் நடந்தது, நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் வீடு போலகத்தில். அப்பா பிரெஞ்சு பாரம் நிரப்பிக் கொடுக்கிறவர். பிரான்சில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் பிறப்பு, கல்யாணக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள், அவர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைப்பார், ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒன்றுக்கும் ஒழுங்கான பெயர் கிடையாது, வெறும் எண்ணும் பிரெஞ்சுச் சுருக்கெழுத்தும்தான். ஊரார் காகிதம் ஆயிற்றே என்று ஃபயர்வால் போட்டு, வெளியிலிருந்து ஒரு ஈ நுழைய முடியாதபடி இறுக்கி வைத்திருந்தார். போன வருடம் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சும் கை காலும் போய்விட்டன. படுக்கைதான், நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்றைக்குப் பன்னிரண்டே காலுக்கு பிரான்சிலிருந்து தம்பி சேகர் போன் செய்தான். குரலே சரியில்லை.

“அக்கா, தாத்தாவோட பிறப்புப் பத்திரம் வேணும்க்கா. குடியுரிமை ஆபீஸ்ல பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. இன்னிக்குக் குடுக்கலன்னா ஃபைலை மூடிடுவாங்க, ஆறு வருஷமா அலைஞ்சதெல்லாம் போச்சு.”

அங்கே பத்து என்றால் நமக்கு ஒன்றரை. அசல் காகிதத்தைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டது, மிச்சம் அப்பாவின் ஸ்கேன்தான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அந்தக் குவியலில் நான் தேடினால் அடுத்த பொங்கல் வந்துவிடும். போன லீவுக்கு வந்தபோது அவன் அந்தக் கம்ப்யூட்டரில் வி.பி.என். போட்டிருந்தான், அதாவது அங்கிருந்து நேராக இதற்குள் வந்து ஃபைல்களைப் பார்க்க ஒரு தனி வழி. ஆனால் அப்பாவின் ஃபயர்வால் அதையும் சேர்த்து மறித்துக்கொண்டிருந்தது.

“வேற ஏதாவது ஆப் போடட்டுமாடா?”

“அதெல்லாம் வேணாம்க்கா, ஊரார் காகிதம் இருக்கு. ஃபயர்வால்ல எனக்கு மட்டும் வழி விடு, நானே வந்து எடுத்துக்கிறேன்.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவன் சொல்லச் சொல்லச் செய்தேன். புதிய விதி, உள்ளே வரும் இணைப்பு, போர்ட் எண், அவனுடைய முகவரிக்கு மட்டும் அனுமதி. கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், எண்ணை இன்னொரு தரம் சொல்கிறேன் என்றான். காத்திருந்தேன். அழுத்தவில்லை, கவனியுங்கள். அப்போதே திரையில் பக்கத்து ஜன்னலில் ஒருவர் இணைந்திருக்கிறார் என்று காட்டியது.

“வந்துட்டியாடா?”

“எங்கக்கா, இன்னும் வுட மாட்டேங்குதே.”

“யாரோ வந்துருக்கிற மாதிரி காட்டுதுடா.”

“பேரு என்ன போட்டிருக்கு?”

ராஜி என்று போட்டிருந்தது. என் பெயர். அந்தக் கம்ப்யூட்டரில் அப்பாவும் சேகரும் தவிர வேறு யூசரே கிடையாது.

“நீ எதுக்குக்கா உன் பேருல போறே?”

“நான் எங்கடா போனேன், இங்கதானே உக்காந்திருக்கேன்!”

யாரோ திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டார்கள், கேபிளைப் பிடுங்கு என்று கத்தினான். கையை நீட்டிவிட்டேன். ஆனால் பிடுங்குவதற்கு முன், வந்த ஆள் என்ன ஃபைலைத் திறந்திருக்கிறார் என்று பார்த்தேன், ரத்த மாதிரியைக் கொட்டுவதற்கு முன் ஒருமுறை பார்க்கிற தொழில் புத்தி. ஒரே ஒரு ஃபைல்தான் திறந்திருந்தது. அதன் எண்ணையும் எழுத்துகளையும் அவனுக்கு வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான்.

“அக்கா, அந்த நம்பர் தாத்தா பொறந்த வருஷம்க்கா. அதைத் தொற.”

திறந்தேன், தாத்தா பெயர் இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் அந்த இணைப்பைக் காணோம். ஃபயர்வாலில் கடைசிப் பொத்தான் இன்னும் அழுத்தப்படாமலே நின்றது. சேகர் நேரத்துக்குக் காகிதத்தைக் கொடுத்துவிட்டான், ஃபைலும் பிழைத்தது, போனில் அழுதான், எனக்கும் அழுகை வந்தது. அன்று முழுக்க எவனோ ஹேக்கர் என்றே சொல்லிக்கொண்டேன். எந்த ஹேக்கர் எங்கள் தாத்தாவைத் தேடி வருவான் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் துருவினேன். என் பெயரில் நிஜமாகவே ஒரு யூசர் இருந்தது. அதன் ஃபோல்டர் உருவான தேதியைப் பார்த்தேன். அப்பா விழுந்த மூன்றாம் நாள். அன்றைக்கு அவர் ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடந்தார், நான் வெளியே பெஞ்சில், வீடு பூட்டியிருந்தது, சாவி என் பையில், கம்ப்யூட்டர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனதும் நானே.

அந்தப் பெயரில் நுழையப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது, எதையோ அடித்தேன், தவறு என்று சொல்லிவிட்டு ஒரு குறிப்பைக் காட்டியது. ‘அரசலாற்றுப் பாலத்தில் நீ கேட்டது.’

பயந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து அந்தப் பாலத்தைத் தாண்டும்போது, கீழே நின்ற படகைக் காட்டி, இதுக்குப் பிரெஞ்சில் என்னப்பா என்று கேட்டேன். சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை அதுதான். அதைச் சேகரிடம்கூடச் சொன்னதில்லை. அடித்தேன், திறந்துகொண்டது, உள்ளே ஒன்றுமே இல்லை.

நேராக அப்பாவிடம் போனேன். ஆமாம் என்றால் அவர் கண்ணை ஒரு தடவை மூடுவார், இல்லை என்றால் இரண்டு தடவை, எங்கள் பேச்சு அவ்வளவுதான். என் பெயரில் நீங்களா போட்டீர்கள் என்று கேட்டேன். இரண்டு தடவை மூடினார். மூன்று முறை கேட்டும் அதே இரண்டு. சரி, பாலத்தில் நான் ஒரு வார்த்தை கேட்டேனே, அதாவது ஞாபகம் இருக்கிறதா என்றேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு நிதானமாக இரண்டு தடவை மூடினார்.

அப்படியானால் அந்த வார்த்தையைத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். அதை அங்கே வைத்தது நான் இல்லை.